எரிந்தவை பதிவேடு

நரின் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில்
மின்னணுக் கூடத்துச் சாவி என் இடுப்பில்.
முப்பத்திரண்டு மாணவர்களுக்கு
ஓர் ஆசிலோஸ்கோப்.
பதினாறு கிலோ. நானே எடை போட்டேன்,
உருளைக்கிழங்குத் தராசில்.
குளிருக்கு அடுப்பைச் சூழ்வதுபோல
அதைச் சூழ்ந்து நிற்பார்கள்;
முன்வரிசைக்கு அலை தெரியும்,
பின்வரிசைக்கு முன்வரிசையின் முதுகு.

என் பதிவேட்டில் நான்கு பத்திகள்:
தேதி, பொருள், பெயர், காரணம்.
காரணத்தில் எப்போதும்
'கவனக்குறைவு' என்றே எழுதுவேன்.
பிஷ்கெக்கிலிருந்து ஒரு டிரான்சிஸ்டர் வர
டோலோன் கணவாயில் பனி வழிவிட வேண்டும்.
ஆகவே யாரும் எதையும் தொடவில்லை.
தொடாமலே தேறினார்கள்.

பிறகு பன்னிரண்டு மடிக்கணினிகள் வந்தன.
அவற்றுக்குள் மீட்டர், அலையாக்கி, மின்வழங்கி,
திருகினால் திரும்பும் குமிழ்கள்.
படம்தான், ஆனாலும் திரும்பின.
நான் முதலில் கேட்டது:
உடைந்தால் யார் கையெழுத்து?
மாணவர்கள் சிரிக்கவில்லை.
விரிவுரையாளர் அல்மாஸ்பெக் மட்டும்
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நுர்ஜாத் என்றொருத்தி, அட்-பாஷிக்காரி,
எந்த வகுப்பிலும் வாய் திறக்காதவள்,
ஐந்து வோல்ட் கேட்ட இடத்தில்
தொண்ணூறு கொடுத்தாள்.
திரையில் சின்னதாய்த் தீப்பொறி.
ஒரு சொடுக்கு. புது டிரான்சிஸ்டர்.
மறுபடி தொண்ணூறு.
வேண்டுமென்றேதான்.
எண்பது, எழுபது, அறுபது என்று இறங்கி
எங்கே சாகிறது, எங்கே பிழைக்கிறது என்று
ஒரு மதியம் முழுக்க எரித்துப் பார்த்தாள்.
நாற்பத்தொன்று.
புகை இல்லை, நாற்றம் இல்லை,
என் பேனா மூடியே இருந்தது.

எனக்குப் பிடிக்கவில்லை, சொல்லிவிடுகிறேன்.
அந்த அலைகளுக்கு ஒழுங்கு அதிகம்,
இஸ்திரி போட்ட சட்டை மாதிரி.
இங்கே எல்லாமே கொஞ்சம் நடுங்கும்.
அவளிடம் சொன்னேன்.
அவள் பதில் சொல்லவில்லை.
மறுநாள் ஹெட்போன் வயர் ஒன்றை வெட்டி,
முனையைச் சீவி,
மறுமுனையை மைக் துளையில் செருகி,
செம்பை விரலால் தொட்டாள்.

திரையில் அலை.
எதையும் இணைக்கவில்லை, ஒரு மின்கலம்கூட.
விநாடிக்கு ஐம்பது முறை
எழுந்து விழுந்தது,
ஓரங்கள் கிழிந்து, இரைச்சல் படிந்து.
"இது யாருடையது?" என்றான் சிமிக்.
சுவருக்குள் ஓடும் கம்பிகளுடையது,
அவள் உடம்பு வாங்கித் தருகிறது
என்றார் அல்மாஸ்பெக்.
சிமிக் தொட்டான். அவனுக்கும் வந்தது.
வரிசை கட்டிவிட்டார்கள்.
சாவியை மேசையில் வைத்துவிட்டு
நானும் தொட்டேன்.
ஐம்பத்து மூன்று வருடமாய்
என்னைக் கேட்காமல் இத்தனை நடந்திருக்கிறது.

நாலேகாலுக்குக் கரண்ட் போனது.
ஜனவரி; அணையில் தண்ணீர் குறைவு; புதிதில்லை.
பதினாறு கிலோ கண்ணை மூடிக்கொண்டது.
மடிக்கணினி பேட்டரியில் விழித்திருந்தது.
நுர்ஜாத்தின் விரல் இன்னும் செம்பின் மேல்.
அலை இல்லை.
ஒரு கோடு.
உறைந்த ஆறு மாதிரி என்று சொல்ல வந்தேன்;
ஆறுகூட அடியில் ஓடும்.

ஊர் முழுக்க நின்றுபோனதை
அந்தக் கோட்டில் பார்த்துக்கொண்டிருந்தோம்.
யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை.
கையுறை மாட்டிக்கொண்டார்கள்,
அவளைத் தவிர.

எவ்வளவு நேரமோ.
கோடு துள்ளியது.
தலைக்கு மேல் குழல்விளக்கு
வரலாமா வேண்டாமா என்று சிமிட்டிக்கொண்டிருக்க
அலை எழுந்து நடந்துவிட்டிருந்தது.

மாலையில் பதிவேட்டைத் திறந்தேன்.
பொருள்: டிரான்சிஸ்டர், நாற்பத்தொன்று.
பெயர்: நுர்ஜாத்.
காரணம் என்ற இடத்தில்
பேனா நின்றது, மை ஊறிப் புள்ளியாகும்வரை.
அப்படியே விட்டுவிட்டேன்.
அடுத்த வரி சுலபம்:
ஹெட்போன், ஒன்று. கல்லூரிச் சொத்து.
வசூலிக்க வேண்டும்.